ரோஜாவுக்குத் துணை எது? பகை எது?



நம் குழுக்களில் உள்கடன் வாங்கி ஆடு, மாடு வாங்குகிறோம். அதே போல ரோஜா வைக்கவும் பல சகோதரிகள் துணிந்து இறங்குகிறார்கள். ஐந்து சென்ட் நிலம், பங்குக் கிணற்றுத் தண்ணீர், விடிகாலையில் பூப்பறிக்க வீட்டில் இரண்டு பேர், பக்கத்தில் ஒரு பூச்சந்தை. இவ்வளவு இருந்தால் ரோஜா வைக்கலாம். திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டைப் பக்கமும், கிருஷ்ணகிரி மாவட்டம் ஓசூர்ப் பக்கமும் ரோஜாவை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் ஏராளம்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ரோஜா நட்ட முதல் வருஷமே பூக்கத் தொடங்கிவிடும். ஆனாலும் கைக்கு நிறைவாக வருமானம் வருவது இரண்டாம் வருஷத்திலிருந்துதான். கடன் தவணை அதுவரை காத்திருக்காது. அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். இன்னொரு பக்கம் ரோஜா வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே ஆறரை அடி நிலம் சும்மா கிடக்கிறது. அதில் களை முளைக்கிறது. களை எடுக்கவும் கூலி ஆகிறது.

அப்போது எல்லோருக்கும் தோன்றும்: "இடையிலே ஏதாவது போட்டா என்ன?"

போடலாம். கட்டாயம் போடலாம். ஆனால் கையில் கிடைத்ததை எல்லாம் போடக் கூடாது. சில செடி ரோஜாவுக்குத் துணையாக இருக்கும். சில செடி பார்க்க நல்லாயிருக்கும், ஆனால் ரோஜாவைத் தின்னும் பூச்சிக்கு வீடு கட்டிக் கொடுக்கும். எது துணை, எது பகை என்று நடுவதற்கு முன்னால் தெரிந்துகொள்வோம்.

துணைச் செடியை வாடகைக்குக் குடியிருப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல குடித்தனக்காரர் வாடகை கொடுப்பார், வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்ய மாட்டார். துணைச் செடியிடமும் நாம் எதிர்பார்ப்பது இதே இரண்டுதான்.

முதலில் ரோஜாவுக்கு என்ன வேண்டும்?

வீட்டுக்காரருக்கு என்ன தேவை என்று தெரியாமல் குடித்தனம் வைக்க முடியாது. ரோஜாவுக்கு நான்கு தேவை உண்டு.

1. வெயில். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படவேண்டும். அதிலும் காலை வெயில் மிக முக்கியம். இரவுப் பனியை இலையிலிருந்து காய வைப்பது அதுதான்.

2. காற்று. ரோஜாவின் பெரிய எதிரி கரும்புள்ளி நோய். இலையில் கறுப்பு வட்டம் விழுந்து, சுற்றிலும் மஞ்சளாகி, இலை உதிர்ந்து, குச்சி மட்டும் நிற்கும். இந்தப் பூஞ்சணத்தின் வித்து முளைக்க, இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டும். காற்றும் வெயிலும் புகுந்து இலை சீக்கிரம் காய்ந்துவிட்டால் நோய் பிடிப்பது குறையும். ரோஜாவை நெருக்கி அடர்த்தியாகச் செடி வைத்தால் இலை காயாது.

3. வேருக்கு இடம். ரோஜாவின் உணவு எடுக்கும் வேர்கள் பெரும்பாலும் மேல் மண்ணிலேயே பரவி இருக்கும். அடிமரத்தை ஒட்டிக் கொத்தினால் அந்த வேர் அறுபடும். எனவே ஒவ்வொரு ரோஜாவைச் சுற்றியும் ஒன்றரை அடிக்கு வேறு செடி வேண்டாம். அந்த வட்டத்தில் காய்ந்த சருகு, வைக்கோல், கரும்புத் தோகை பரப்பி மூடாக்கு போட்டால் போதும்.

4. நமக்கு வழி. இதை யாரும் சொல்வதில்லை. விடியற்காலை இருட்டில் கூடையோடு உள்ளே போய்ப் பறிக்கப்போவது நாம்தான். கால் வைக்கும் இடத்தில் புதர் மண்டியிருந்தால் பாம்பு இருந்தாலும் தெரியாது. ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு அடி அகலத்துக்கு நடைபாதை விட்டே ஆகவேண்டும்.

துணைச் செடி கொடுக்கும் வாடகை

இடத்துக்கு வாடகையாக ஒரு செடி என்ன தரும்? இந்த ஐந்தில் ஒன்றாவது தரவேண்டும்.

- மண்ணை மூடிக் களையைக் குறைத்து, ஈரத்தைக் காப்பது.
- மண்ணுக்குத் தழைச்சத்து கொடுப்பது.
- நமக்கு உதவும் பூச்சிகளை வரவழைத்து அவற்றுக்குச் சோறு போடுவது.
- மண்ணில் இருக்கும் கெட்ட புழுவை அடக்குவது, அல்லது வெளியிலிருந்து வரும் பூச்சியைத் தடுப்பது.
- வீட்டுச் சமையலுக்கோ சந்தைக்கோ பயன்பட்டு, கையில் காசாக நிற்பது.

இப்போது செடி செடியாகப் பார்ப்போம்.

நல்ல துணைகள்

தட்டைப்பயறு: பருத்தி, நிலக்கடலை வயலைச் சுற்றி வரப்பில் தட்டைப்பயறு விதைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஏன் விதைக்கிறார்கள்? தட்டைப்பயறில் கறுப்பு அசுவினி சீக்கிரம் வரும். அதைத் தின்ன பொறிவண்டு வரும். வந்த வண்டு அங்கேயே முட்டையிட்டுப் பெருகும். பிறகு பக்கத்துச் செடிக்கும் போய் அங்குள்ள அசுவினியைத் தின்னும். ரோஜாத் தளிரில் வருவது வேறு வகை அசுவினி. தட்டைப்பயறில் இருக்கும் கறுப்பு அசுவினி ரோஜாவுக்குத் தாவிக் குடியேறாது. ஆக, ரோஜாவுக்குத் தொல்லை இல்லாமல் பொறிவண்டுக்கு மட்டும் பந்தி வைக்கிறோம்.

கூடவே தட்டைப்பயறு வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்து வைக்கும். காய் பறித்து முடிந்ததும் செடியைப் பிடுங்காதீர்கள். தரை மட்டத்தில் அறுத்து, தழையை ரோஜா அடியில் மூடாக்காகப் போடுங்கள். வேர் மண்ணிலேயே மக்கட்டும். குத்துச் செடி ரகமாகப் பார்த்து வாங்குங்கள். கொடி ரகம் ரோஜா மேலேயே ஏறிவிடும்.

கொத்தமல்லி: 40, 45 நாளில் தழையாக அறுக்கலாம். எல்லாவற்றையும் அறுத்துவிடாமல், நாலடிக்கு ஒன்றாகச் சில செடிகளைப் பூக்க விடுங்கள். அந்தச் சின்ன வெள்ளைப் பூவில் தேனும் மகரந்தமும் எட்டும் உயரத்தில் இருக்கும். ஒட்டுண்ணிக் குளவி, பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி போன்ற சின்னப் பூச்சிகள் அதைத் தேடி வரும். இவை அசுவினிக்கும் புழுவுக்கும் எமன். சோம்புச் செடியும் இதே வேலையைச் செய்யும்.

வெந்தயக்கீரை: 20, 25 நாளில் கைக்கு வந்துவிடும். உயரம் போகாது, நிழல் கட்டாது. பயறு இனத்தைச் சேர்ந்தது என்பதால் மண்ணுக்கும் நல்லது. ரோஜாவைக் கவாத்து செய்த பின் போடுவதற்கு இதைவிடப் பொருத்தம் இல்லை.

சின்ன வெங்காயம்: முதல் வருஷத்துக்கு நல்ல வருமானப் பயிர். வேர் ஆழம் போகாது, இலை நிழல் கட்டாது, இரண்டரை மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எடுத்துவிடலாம். ஆனால் வெங்காயத்துக்கும் இலைப்பேன் வரும். இலை வெள்ளையாகத் திட்டுத் திட்டாக மாறினால் உடனே கவனியுங்கள். தண்ணீர் தேங்கும் நிலமாக இருந்தால் அடைமழை ஓய்ந்த பிறகு நடுங்கள்.

செண்டுமல்லி: இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டும். செண்டுமல்லியின் வேரில் ஆல்பா டெர்தியனைல் என்ற பொருள் இருக்கிறது. அது மண்ணில் உள்ள நூற்புழுவை அடக்கும். நூற்புழு கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. ரோஜா வேரைத் துளைத்துச் சத்தை உறிஞ்சும். செடி காரணமே தெரியாமல் வாடி நிற்கும்.

ஆனால் ரோஜாத் தோட்டத்தில் நாலு மூலையில் நாலு செண்டுமல்லி வைத்தால் நூற்புழு போய்விடாது. அந்தச் செடியின் வேர் போகும் இடத்தில்தான் அந்த மருந்து வேலை செய்யும். முழுப் பலன் வேண்டுமானால், ரோஜா நடுவதற்கு முன்னால் அந்த நிலம் முழுவதும் செண்டுமல்லியை நெருக்கமாக நட்டு, இரண்டு மூன்று மாதம் வளர்த்து, பூப்பறித்து விற்றுவிட்டு, பிறகு வேரோடு மடக்கி உழ வேண்டும். பூ வருமானமும் வந்தது, நிலமும் சுத்தமானது.

ரோஜா நட்ட பின் இடையில் வைப்பதானால், இரண்டு ரோஜா வரிசைக்கு நடுவில் ஒரே வரிசை போதும். நட்டு 30 நாளில் நுனியைக் கிள்ளிவிட்டால் உயரம் போகாமல் பக்கவாட்டில் கிளைக்கும். ஒரு எச்சரிக்கை: வெயில் காலத்தில் செண்டுமல்லிக்குச் சிவப்புச் சிலந்தி நிறைய வரும். இலைக்கு அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அந்தச் செடியை இரக்கம் பார்க்காமல் பிடுங்கிச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய் எரித்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் அது ரோஜாவில் இருக்கும்.

மரிக்கொழுந்து: ரோஜாவையும் மரிக்கொழுந்தையும் சேர்த்துத்தான் மாலை கட்டுகிறோம். பனிக்காலத்தில் நன்றாக வரும், உயரம் போகாது. உள்ளூரில் கதம்பம் கட்டி விற்கிற சகோதரிகளுக்கு இது தனி லாபம். வெளியே காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

ஓரத்துக்குச் சோளம்: காற்றடிக்கும் மேற்கு ஓரத்தில் இரண்டு வரிசை சோளமோ மக்காச்சோளமோ நெருக்கமாகப் போட்டால், காற்றில் மிதந்து வரும் இலைப்பேனுக்கு அது ஒரு வேலி. மாட்டுக்குத் தட்டையும் ஆச்சு. கிழக்கு ஓரத்தில் மட்டும் போடாதீர்கள். காலை வெயிலை மறைத்துவிடும்.

பகைச் செடிகள்

மிளகாய்: இலையைச் சுருட்டும் மிளகாய் இலைப்பேன் ரோஜாவையும் தாக்கும். தளிர் கருகும், மொட்டு விரியாமல் நிற்கும், இதழ் ஓரம் பழுப்பாகும். அந்தப் பூவைச் சந்தையில் கழித்து ஒதுக்கிவிடுவார்கள். ரோஜா நடுவில் மட்டுமல்ல, ஒட்டிய பாத்தியிலும் மிளகாய் வேண்டாம்.

தக்காளி, கத்தரி, வெண்டை: மூன்றும் வேர்முடிச்சு நூற்புழுவுக்குப் பிடித்த தீனி. கத்தரிக்கும் வெண்டைக்கும் சிவப்புச் சிலந்தியும் வரும். வீட்டுக்கு வேண்டுமென்றால் தோட்டத்தின் அடுத்த கோடியில் தனியாக வையுங்கள்.

செம்பருத்தி: மாவுப்பூச்சிக்குச் சொந்த வீடு. வேலியோரம் செம்பருத்தி வைத்து, அதன் கீழே ரோஜா வைக்கும் வழக்கம் பல ஊரில் உண்டு. எறும்பு அந்த மாவுப்பூச்சியை நடமாட உதவும், அதன் எதிரிகளையும் விரட்டும். செடியில் எறும்பு வரிசை ஏறுகிறதா, கிளையைப் புரட்டிப் பாருங்கள். வெள்ளையாக மாவு அப்பியிருக்கும்.

கனகாம்பரம், சம்பங்கி: இரண்டுமே நல்ல விலைப் பூ. ஆனால் இரண்டையும் நூற்புழு தாக்கும். நிலத்தில் ஏற்கெனவே நூற்புழு இருந்தால் ரோஜா அருகில் வேண்டவே வேண்டாம்.

பூசணி, அவரை, பாகல் போன்ற கொடிகள்: நிலத்தை மூடும், உண்மைதான். ஆனால் ரோஜா மேலும் ஏறி மூடிவிடும். காற்றும் வெயிலும் போச்சு.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பகை உண்டு. ஒட்டுக்கட்டிய ரோஜாவில், ஒட்டுக்குக் கீழேயிருந்து வேகமாகக் காட்டு ரோஜாத் தளிர் கிளம்பும். "அடடா, செடி நல்லா வருதே" என்று விட்டுவிட்டால், அது மேலே உள்ள நல்ல ரோஜாவின் சாப்பாட்டை எல்லாம் தானே எடுத்துக்கொள்ளும். பார்த்தவுடன் அடியோடு கிள்ளி எடுங்கள்.

நல்ல முடிச்சா, கெட்ட முடிச்சா?

தட்டைப்பயறு வேரில் இருப்பதும் முடிச்சு, நூற்புழு உண்டாக்குவதும் முடிச்சு. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வோம்.

ஒரு தட்டைப்பயறுச் செடியை மண்ணோடு தோண்டி, தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். நல்ல முடிச்சு வேரின் பக்கத்தில் மணி போல ஒட்டியிருக்கும். விரலால் தள்ளினால் உதிரும். நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சோ வேரே வீங்கினது. தள்ளினால் உதிராது. பிய்த்தால் வேரும் சேர்ந்து பிய்ந்துவிடும். இப்படிக் கண்டால் வேர், மண் இரண்டையும் ஒரு பையில் போட்டு, வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டுங்கள்.

மருந்தும் கீரையும் ஒரே பாத்தியில் கூடாது

சகோதரிகளே, இந்தப் பாடத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ரோஜாவை யாரும் சமைத்துச் சாப்பிடுவதில்லை. அதனால் விலைக்கு வளர்க்கும் ரோஜாவுக்குக் கடும் பூச்சிமருந்து அடிக்கும் பழக்கம் இருக்கிறது. சில தோட்டங்களில் அடிக்கடி அடிக்கிறார்கள். அந்த ரோஜாவுக்கு நடுவில் கொத்தமல்லியும் வெந்தயமும் இருந்தால் என்ன ஆகும்? மேலே அடித்த மருந்து கீழே கீரையில்தான் விழும். காலையில் மருந்தடித்த தோட்டத்தில் சாயங்காலம் ஒரு கை கொத்தமல்லியைக் கிள்ளி ரசத்தில் போட்டால், அது நம் பிள்ளையின் தட்டுக்குத்தான் வரும். தண்ணீரில் அலசினால் எல்லா மருந்தும் போய்விடாது. சில மருந்து செடிக்குள்ளேயே ஊடுருவி நிற்கும் வகை.

எனவே இரண்டில் ஒன்றை நடும்போதே முடிவு செய்யுங்கள்.

ஒன்று: ரசாயன மருந்து அடிக்கப்போகிறோம் என்றால், இடையில் சாப்பிடும் பயிர் எதுவும் வேண்டாம். கீரை, வெங்காயம், பயறு எதுவும் கூடாது. ஓரத்துத் தட்டையை மாட்டுக்கும் போடக் கூடாது. செண்டுமல்லி, மரிக்கொழுந்து போன்ற பூவும் வாசனைத் தழையும் மட்டும் போதும். ஆனால் அந்த மருந்து பொறிவண்டையும் குளவியையும் சேர்த்தே கொல்லும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பூச்சிக்குப் பகையான பூச்சி செத்துப்போனால், அடுத்த முறை பூச்சி இன்னும் அதிகமாக வரும்.

இரண்டு: இடையில் சாப்பிடும் பயிர் வேண்டும் என்றால், ரோஜாவுக்கும் ரசாயன மருந்து இல்லை. நோய் பட்ட இலையைப் பொறுக்கி எரிப்பது, அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது, வேப்பங்கொட்டைச் சாறு தெளிப்பது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 10 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு. இடித்து, துணியில் முடிந்து, இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டிக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தணிந்த பின் தெளியுங்கள். தெளித்த பின் சில நாள் கழித்துக் கீரையை நன்றாக அலசி எடுங்கள்.

"பக்கத்துத் தோட்டத்துக்காரர் மருந்தடிச்சா?" என்று கேட்கலாம். காற்றில் வரும். அந்த ஓரத்தில் கீரை போடாதீர்கள், சோளத் தடுப்பை அங்கே வையுங்கள். அந்தத் தட்டையை மாட்டுக்குப் போட வேண்டாம்.

குல்கந்துக்குப் பன்னீர் ரோஜா இதழ் கொடுக்கிறவர்களுக்கு இரண்டாவது வழிதான் வழி. அந்த இதழ் நேராக வாய்க்குப் போவது.

ஐந்து சென்ட் கணக்கு

ஐந்து சென்ட் என்பது சுமார் 200 சதுர மீட்டர். பன்னீர் ரோஜாவையும் ஆந்திரச் சிவப்பு ரோஜாவையும் வரிசைக்கு வரிசை 2 மீட்டர், செடிக்குச் செடி 1 மீட்டர் விட்டு நடுவது வழக்கம். அந்தக் கணக்கில் 100 செடி பிடிக்கும்.

2 மீட்டர் என்பது ஆறரை அடி. ரோஜா வரிசையிலிருந்து இரண்டு பக்கமும் ஒன்றரை அடி விட்டால் மீதி மூன்றரை அடி. நடைபாதைக்கு ஒரு அடி போக, துணைப் பயிருக்கு இரண்டரை அடி. மொத்தமாகக் கூட்டினால் ஏறக்குறைய 2 சென்ட். சும்மா கிடந்த நிலத்தில் 2 சென்ட் கிடைத்தது பாருங்கள்!

இந்த 2 சென்ட்டுக்குச் சின்ன வெங்காயம் என்றால் விதை வெங்காயம் சுமார் 12 கிலோ வேண்டும். கொத்தமல்லி என்றால் கால் கிலோ விதை தாராளம். விதையை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். நிலத்தைச் சுற்றி அடிக்கு ஒரு குழி தட்டைப்பயறு போட 100 கிராம் போதும்.

வெங்காய விதைக்குச் செலவு அதிகம். அதற்காக இன்னொரு கடன் வாங்காதீர்கள். கையில் காசு இல்லையென்றால் முதல் முறை கொத்தமல்லி, வெந்தயம், தட்டைப்பயறோடு தொடங்குங்கள். அதில் வந்த காசில் அடுத்த முறை வெங்காயம் போடலாம். துணைப் பயிர் கடனை அடைக்கத்தான், கடனை வளர்க்க அல்ல.

மாதம் பிரித்துப் பார்த்தால்

வைகாசி: நிலம் முழுவதும் செண்டுமல்லி நாற்று நடுவது. ஆடியிலிருந்து பூப்பறித்து விற்பது.
புரட்டாசி: செண்டுமல்லியை வேரோடு மடக்கி உழுவது. ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்தில் ரோஜாக் குழி எடுத்து, குழிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரம் போடுவது.
ஐப்பசி: மழை ஈரத்தில் ரோஜா நடுவது. ஓரத்தில் தட்டைப்பயறு விதைப்பது.
கார்த்திகை: மழை ஓய்ந்ததும் நடுவில் சின்ன வெங்காயம், அல்லது கொத்தமல்லி.
மாசி: வெங்காயம் எடுப்பது. மண் காயாமல் மூடாக்கு போடுவது.
பங்குனி, சித்திரை: கடும் வெயில். இடைப் பயிர் வேண்டாம். தண்ணீர் முழுக்க ரோஜாவுக்கே.

இரண்டாம் வருஷத்திலிருந்து ரோஜா படர்ந்து இடைவெளி குறையும். அப்போது வெங்காயத்தை நிறுத்திவிடலாம். ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கவாத்து செய்வோம் அல்லவா? கிளையைப் பாதியாக வெட்டியதும் தரையில் வெயில் விழும். மறுபடி தழைத்துப் பூக்க ஒன்றரை மாதம் போல ஆகும். பூ வருமானம் இல்லாத அந்த ஒன்றரை மாதத்துக்குள் ஒரு வெந்தயக்கீரையோ கொத்தமல்லியோ எடுத்துவிடலாம்.

வீட்டு முற்றத்தில் நாலு செடி இருந்தால்

நிலம் இல்லாத சகோதரிகளும் வாசலில் நாலு ரோஜா வைத்திருப்போம். செடிக்குச் செடி மூன்றடி விடுங்கள். நடுவே வெந்தயம், கொத்தமல்லி தூவலாம். ஓரத்தில் துளசியும் திருநீற்றுப்பச்சிலையும் வைத்துப் பூக்க விட்டால் தேனீ தேடி வரும். புதினா படர்ந்து இடம் பிடிக்கும், அதைத் தனித் தொட்டியில் வையுங்கள். சோப்பு கலந்த துணி துவைத்த தண்ணீரை ரோஜாவுக்கும் கீரைக்கும் விடாதீர்கள்.

சகோதரிகள் கேட்கும் கேள்விகள்

"ரோஜா பக்கத்துல பூண்டு வச்சா பூச்சியே வராதாமே?"
வாசனைக்குப் பயந்து பூச்சி ஓடிவிடும் என்று நம்பி இருக்க முடியாது. மேலும் பூண்டு கொடைக்கானல், நீலகிரி போன்ற குளிர்ந்த மலைக்கு ஏற்ற பயிர். சமவெளியில் பூண்டு வைத்து ஏமாற வேண்டாம். அந்த இடத்தில் வெங்காயம் வைத்தால் காசாவது வரும்.

"கறுப்பா, ஆரஞ்சுப் புள்ளியோட, குட்டி முதலை மாதிரி ஒரு புழு இலையில ஊருது. மருந்தடிக்கலாமா?"
வேண்டாம்! அதுதான் பொறிவண்டின் புழு. அசுவினியைத் தின்னத்தான் ஊருகிறது. இலையில் முடி போன்ற காம்பின் நுனியில் வெள்ளை முட்டை நின்றால், அது பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை. அதையும் தொடாதீர்கள். இரண்டும் நமக்குக் கூலி கேட்காத வேலையாட்கள்.

"துணைச் செடி வச்சதால லாபமா நட்டமா, எப்படித் தெரியும்?"
இரண்டு வரிசைக்கு நடுவே மட்டும் ஒன்றும் போடாமல் விடுங்கள். அந்த வரிசைப் பூவைத் தனியாக எண்ணி நோட்டில் எழுதுங்கள். களை எடுத்த கூலி, விதைச் செலவு, கீரை விற்ற காசு எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரு வருஷம் எழுதினால் உங்கள் மண்ணுக்கு எது சரி என்று உங்கள் நோட்டே சொல்லிவிடும். குழுவில் கணக்கு எழுதிப் பழகிய கைதானே நம்முடையது!

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

ஊக்குநரும் பிரதிநிதியும் அடுத்த கூட்டத்தில் இந்தப் பாடத்தை வாசித்துக் காட்டி, கீழே உள்ளதைப் பேச வையுங்கள்.

1. நம் குழுவில் ரோஜா வைத்திருப்பவர்கள் யார்? இடையில் என்ன போட்டிருக்கிறார்கள்? அது வாடகை தருகிறதா?
2. யார் தோட்டத்திலாவது மிளகாயோ செம்பருத்தியோ ரோஜாவை ஒட்டி இருக்கிறதா?
3. மருந்தடிக்கும் தோட்டத்திலிருந்து கீரை பறிக்கிறோமா? இனி வேண்டாம் என்று முடிவெடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோமா?
4. தட்டைப்பயறு, கொத்தமல்லி விதையைக் குழுவாகச் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டால் ஒருவருக்கு எவ்வளவு மிச்சம்?

கூட்டம் முடிந்ததும் எல்லோருமாக ஒரு சகோதரியின் தோட்டத்துக்குப் போய், ஒரு ரோஜா இலையைப் புரட்டிப் பாருங்கள். அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, பிறகு எதை நடலாம் என்று முடிவு செய்யுங்கள்.